மாரியப்பன் நலமுடன் திரும்பினார்

கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள், கண்ணுங்களா. சாப்பிடாதவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். இந்தக் கதையை வெறும் வயிற்றில் கேட்க வேண்டாம். இதில் ஒரு கம்ப்யூட்டர் வருகிறது, ஒரு அதிகாரி வருகிறார், ஒரு மீன் வருகிறது. மூன்றில் மீன் ஒன்றுதான் மனுஷருக்கு உதவியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாந்துபோய் என்னைத் திட்டக்கூடாது.

ராயபுரத்தில், மீன் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், படகுப் பதிவு மையம் என்று ஒரு அலுவலகம். படகு கடலுக்குப் போக அங்கேதான் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனைக் காட்டினால்தான் டீசல். போன படகு சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால், ‘கரை திரும்பாதவர்’ என்று அங்கே பதிந்தால்தான் ரோந்துப் படகு தேடப் புறப்படும். ஆக, கடலில் இருக்கிற உயிரெல்லாம் அந்த அறையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் கட்டித் தொங்கியது.

அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்தவள் அன்புக்கரசி. வியாசர்பாடிப் பெண். பதினோரு வருஷமாகக் கீபோர்டு தட்டியவள். வாசலில் நிற்பவரோடு பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமலே பத்து விரலாலும் அடித்துவிடுவாள். நீங்கள் படகு எண்ணைச் சொல்லி மூக்கைச் சிந்துவதற்குள் காகிதம் வந்துவிடும்.

இதுதான் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் பயனருக்கு அனுபவம் என்று என்ன கிடைக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டு, கம்ப்யூட்டருக்குள் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, ‘ஸ்பரிசம்’ என்று ஒரு புதிய ஏற்பாட்டை ஏற்றினார்கள். மூலையில் இருந்த ‘தொடங்கு’ பொத்தான் போயிற்று. வரிசையாக இருந்த பட்டியல் போயிற்று. திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் வானிலை, ஒரு கட்டத்தில் டால்பின் துள்ளுகிறது, நடுவில் பெரிய கட்டத்தில் உருமாற்ற அதிகாரி செங்குட்டுவன் கை கூப்புகிறார். எல்லாமே விரலால் தொட வேண்டியது.

தொடுகிற கண்ணாடி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பழைய கண்ணாடியையே தொட்டுப் பழகிக்கொள்ளவும் என்று சுற்றறிக்கை வந்தது. ஆறு வாரம் ஊழியர்கள் சாதாரணக் கண்ணாடியை ஒழுங்காகத் தொட்டார்கள். அது ஒன்றும் செய்யவில்லை. பயிற்சி திருப்தி என்று கையெழுத்துப் போட்டார்கள். அன்புக்கரசி மட்டும் மேசைக்கு அடியில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, திருடுகிற மாதிரி, அலுவலக வேலையைச் செய்துவந்தாள்.

ஏழாவது வாரம் புதுக் கண்ணாடி வந்தது. கீபோர்டையும் மவுசையும் பிடுங்கி இரும்பு பீரோவில் போட்டுப் பூட்டி, சாவியைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று சாயந்தரம் கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்தப் பொத்தானைத் திரைக்கு வெளியே எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் பிளக்கைப் பிடுங்கினார். அதிலிருந்து தினமும் அவர்தான் பிடுங்குகிறார். ‘கணினி நிறைவு உதவியாளர்’ என்று அவருக்கு ஒரு அட்டை கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். தூண்டில் கயிறு இழுத்து, வலை இழுத்து, உப்பில் வெந்து காய்ந்த விரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படிப்பட்ட விரல்தான் சோறு போடுகிறது. அந்த விரலைப் புதுக் கண்ணாடி விரலாகவே எண்ணவில்லை. கட்டை பட்டது போல் சும்மா இருந்தது. அன்புக்கரசி பாவம் பார்த்து மூன்று பேருக்குத் தன் விரலால் தொட்டுக் கொடுத்தாள். தொட்டவர் எவரோ அவரே படகுக்காரர் என்று ஸ்பரிசம் எழுதிக்கொண்டது. இன்றைக்கும் அன்புக்கரசி பெயரில் மூன்று ஃபைபர் படகு இருக்கிறது. ஏன் கடலுக்குப் போகவில்லை என்று அவளுக்கு வாராவாரம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருகிறது. அப்புறம் அவள் யாருக்கும் தொடுவதில்லை.

கடைசியாக, வேலை முடிந்ததும் திரையில் இரண்டு முகம் வரும். சிரிக்கிற முகம் நடுவில், தேங்காய் அளவு. அழுகிற முகம் இடது கீழ் மூலையில், மிளகு அளவு. மூலையைத் தொட்டால் முதல் பக்கத்துக்குப் போய்விடும் என்பது ஸ்பரிசத்தின் விதி. ஆகவே அழுகிற முகத்தைத் தொட்டவர்கள் எல்லாரும் டால்பினிடம் போய்ச் சேர்ந்தார்கள். முதல் மாசமே பயனர் மகிழ்ச்சி நூற்றுக்கு நூறு என்று அறிக்கை போயிற்று.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை மாரியப்பனும் அவன் மச்சினன் ஜெயவேலும் கடலுக்குப் போனார்கள். மாரியப்பனின் பழைய டோக்கன் மட்டும் இன்னும் முடியாமல் இருந்ததால் போக முடிந்தது. செவ்வாய் மத்தியானம் திரும்ப வேண்டியவர்கள் திரும்பவில்லை. மாரியப்பன் பெண்சாதி சொக்கம்மாள் ஷெட்டில் இறால் உரிக்கிறவள். புதன்கிழமை காலையில் உரித்த இறாலை அப்படியே போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடி வந்தாள்.

"புருசனும் தம்பியும் கரைக்கு வர்ல. எய்திக்கோ பாப்பா" என்றாள்.

அன்புக்கரசிக்கு விரல் பத்தும் துடித்தது. பழைய நாளாக இருந்தால் இந்நேரம் ரோந்துப் படகில் எஞ்சின் ஓடும். அவள் மெதுவாக விளக்கினாள். ‘கரை திரும்பாதவர்’ கட்டம் முதல் பக்கத்தில் இல்லை. அது சாம்பல் கலரில் இருந்து பக்கத்தின் அழகைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டு அங்கே டால்பினை வைத்திருக்கிறார்கள். இப்போது வலது ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தால் ஒரு பட்டை வரும். பட்டையை மேலே தள்ளினால் இன்னும் சில கட்டம் வரும். அதில் கடைசி. விண்ணப்பதாரர்தான் இழுக்க வேண்டும்.

சொக்கம்மாள் இழுத்தாள். இருபத்திரண்டு வருஷம் ஐஸ் தண்ணீரில் ஊறி, இறால் முள் கிழித்து, ரேகை என்று ஒன்று இல்லாமல் போன விரல். திரை அசையவில்லை. டால்பின் துள்ளிக்கொண்டே இருந்தது. அவள் கட்டை விரலால் இழுத்தாள், உள்ளங்கையால் இழுத்தாள், முழங்கையால் இழுத்தாள். பின்னால் வரிசை கடல் வரைக்கும் போயிற்று. ஐந்து மணிக்கு நிறைவு உதவியாளர் வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

படகு வரவில்லை என்றால் குப்பமே இறங்கித் தேடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் தேடப் போகிற படகுக்கும் டீசல் வேண்டும், டீசலுக்கு டோக்கன் வேண்டும், டோக்கனுக்கு விரல் வேண்டும். வியாழக்கிழமை விடியற்காலையில் நான்கு படகுக்காரர்கள் வரிசையில் நின்று மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்கள். வெற்றி என்கிற படகுக்காரன், மெஷின் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், நம்மைத் தொடவிடவில்லை என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. டேங்கில் மிச்சம் இருந்த டீசலை ஒன்றாக ஊற்றி இரண்டு படகு போயிற்று. அந்த டீசல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் தேடிவிட்டு மத்தியானம் திரும்பி வந்தது.

அந்த மத்தியானம்தான் மீன் வந்தது.

ரோசி என்று ஒரு மீன்காரி. வாய் நீளம். அவள் வேறு வேலையாக அன்னக்கூடையோடு அலுவலகத்துக்கு வந்தவள், சொக்கம்மாள் திரையை வழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பொறுக்காமல், "த்தா தள்ளு யக்கா, நானு இஸ்து பாக்குறேன்" என்று குனிந்தாள். கூடை சாய்ந்தது. மேலே இருந்த ஒரு சங்கரா மீனை அவள் தாவிப் பிடிக்க, அது கண்ணாடியின் வலது ஓரத்தில் பட்டு அப்படியே உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று.

பட்டை வந்தது.

மூன்று பெண்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ரோசி மீனைக் கெட்டியாகப் பிடித்து மூக்கால் மேலே தள்ளினாள். கட்டங்கள் மேலே போயின. கடைசியில் சாம்பல் கலர்க் கட்டம். சொக்கம்மாள் மீனை வாங்கித் தானே தொட்டாள். ‘உங்கள் விரலைப் பதியவும்’ என்றது திரை. மீனைப் பதித்தாள். ‘வணக்கம் சொக்கம்மாள். உங்கள் விரல் மிக மென்மையானது. நாளை காலை இதே விரலுடன் வந்து உறுதி செய்யவும்’ என்றது.

அன்று ராத்திரி முழுக்க சொக்கம்மாள் அந்த மீனைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடலில் புருஷனும் தம்பியும். மடியில் மீன். ஐஸ் கரையக் கரைய மாற்றினாள். பூனை ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. சண்டைக்காரி இல்லை அவள். ஆனால் அந்தப் பூனையை அன்று அடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பெட்டியோடு வந்தபோது அலுவலகத்தில் தோரணம் கட்டியிருந்தது. உருமாற்ற அதிகாரி செங்குட்டுவன் நேரில் வந்திருந்தார், பயனர்களின் கருத்தைக் கேட்க. கருத்துக் கேட்கிற கூட்டம் என்பதால் அவரே பேசினார்.

"புகார் புகார் என்கிறார்கள். எங்கே சொல்கிறார்கள்? தெருவில். திரையில் இதுவரை ஒரு புகார்கூட இல்லை. நான் அரசாங்க அதிகாரி. தெருவைப் பார்த்து முடிவெடுப்பதா, திரையைப் பார்த்து முடிவெடுப்பதா? விரல் தேய்ந்துவிட்டது, கண்ணாடி ஏற்கவில்லை என்கிறார்கள். இதோ என் விரல். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு கீறல் உண்டா பாருங்கள். ஒழுங்காக வேலை செய்தால் விரல் ஏன் தேய்கிறது?"

ஊழியர்கள் கை தட்டினார்கள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். எனக்கு இதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது, கண்ணுங்களா. திட்டியிருக்கலாம். ஒளித்துக்கொண்டார்கள்.

அப்போது அவர் கண்ணில் பெட்டி பட்டது. என்ன அது என்றார். விண்ணப்பதாரரின் விரல் சார் என்றாள் அன்புக்கரசி. அவளுக்கு வேலை போனாலும் பரவாயில்லை என்ற நிலை வந்திருந்தது. சொக்கம்மாள் அவர் கண் முன்னாலேயே சங்கராவை எடுத்துத் தொட்டாள். மீனின் கண் குழிந்திருந்தது, வாடையும் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்பரிசம் அதை நேற்றைய விரல் என்று அடையாளம் கண்டுகொண்டது.

செங்குட்டுவன் கோபிக்கவில்லை. நிதானமாக யோசித்தார்.

"எத்தனை முறை தொட்டது?"

"ஒரே முறை சார்."

"பார்த்தீர்களா" என்று வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "மீனே கற்றுக்கொண்டுவிட்டது."

மீனோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மீனைப் பிடித்திருந்த கை போட்டோவில் வரவில்லை. திரையில், ‘தேடுதல் ஏற்கப்பட்டது. மூன்று வேலை நாட்களில் புறப்படும். சனி, ஞாயிறு விடுமுறை’ என்று வந்தது. சொக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஏற்கப்பட்டது என்பதை மட்டும் அன்புக்கரசி படித்துக் காட்டினாள். மீதியைப் படிக்க அவளுக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் எண்ணூர்ப் படகு ஒன்று, தன் வலையைத் தேடிப் போன இடத்தில், எஞ்சின் செத்து மிதந்துகொண்டிருந்த ஃபைபரைப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. ஜெயவேல் உயிரோடு இருந்தான். மாரியப்பன் இல்லை. கடைசித் தண்ணீரை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்குப் போய்விட்டிருந்தான். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் அவன் வலது கை ஊறிக் கிடந்தது.

உதடு வெடித்த ஜெயவேல் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "வியாயக்கெயம வரிக்கும் மாமா நல்லா பேசிகினு கீந்தாரு யக்கா. தோ வந்துருவானுங்க, தோ வந்துருவானுங்கன்னு சொல்லிகினே கீந்தாரு. ஏன் யாருமே வர்ல?"

சொக்கம்மாள் தன் விரலைப் பார்த்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் உங்களை அழவிட்டு அனுப்பியிருப்பேன். அலுவலகம் அப்படி முடிக்கவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் உடலைக் கேட்டபோது, இவர் தேடப்படுவோர் பட்டியலில் இருக்கிறார், தேடப்படுகிறவரை எப்படிக் கொடுப்பது, முதலில் பட்டியலிலிருந்து எடுத்து வாருங்கள் என்றார்கள். எடுப்பதற்கு இருந்த கட்டம் ஒன்றுதான்: ‘நலமுடன் திரும்பினார்’. முன்பு இன்னொரு வரியும் இருந்தது. அது பயனருக்கு மனச்சோர்வு தருவதாகப் புது வடிவத்தில் நீக்கிவிட்டார்கள். அன்புக்கரசி தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு அழுதாள். திரும்பியவர் தன் விரலால் தொட வேண்டும் என்பதுதான் விதி, எப்படித் திரும்பினார் என்று விதி கேட்கவில்லை என்று பதில் வந்தது.

ஆகவே அலுவலகத்தின் கையடக்கத் திரையைத் தூக்கிக்கொண்டு பிணவறைக்குப் போனார்கள். முதலில் ஜெயவேல் தொட்டான். உயிருள்ள விரல், காய்த்து, கயிறு அறுத்து, வெயிலில் வெடித்த விரல். பதினேழு முறை தொட்டான். திரை அவனை ஏற்கவில்லை. பிறகு பிணவறை ஆள் மாரியப்பனின் கையை எடுத்து வைத்தார்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி, முப்பது வருஷக் காய்ப்பெல்லாம் வெளுத்து மெத்தென்று ஆகியிருந்தது அந்த விரல். பட்ட மாத்திரத்தில் திரை ஒளிர்ந்தது. ‘வணக்கம் மாரியப்பன். நலமுடன் திரும்பினீர்கள்.’ கையை எடுப்பதற்குள் இரண்டு முகமும் வந்துவிட்டன. கை பிடி நழுவி நடுவில் விழுந்தது. சிரிக்கிற முகம். ‘உங்கள் மகிழ்ச்சிக்கு நன்றி.’

காகிதம் வந்துவிட்டதால் உடலைக் கொடுத்துவிட்டார்கள். மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள். சடங்கு எல்லாவற்றையும் ஜெயவேல்தான் செய்தான், பட்டியல்படி அவன் கடலில் காணாமல் போனவன்.

செவ்வாய்க்கிழமை மூன்று வேலை நாள் கணக்கு முடிந்து, சொன்ன சொல் தவறாமல், ரோந்துப் படகு புறப்பட்டது. ஜெயவேலைத் தேட. ஜெயவேல் கரையில் டீக்கடையில் நின்று அது போவதைப் பார்த்தான். நல்ல வேகமாகப் போயிற்று. இரண்டு நாள் தேடினார்கள். டீக்கடைக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கூடப் பார்த்தார். வேலையில் இருக்கிறவர்கள் கரையைத் திரும்பிப் பார்ப்பார்களா.

அடுத்த மாசம் ஸ்பரிசத்தின் நூறாவது நாள் விழா. கல்யாண மண்டபத்தில் பந்தல், பேண்டு வாத்தியம். செங்குட்டுவன் மைக்கைப் பிடித்தார். ராயபுரம் மையத்தில் முதல் தொடுதலிலேயே வெற்றி பெற்று, மகிழ்ச்சியும் தெரிவித்த ஒரே மீனவர் ஒருவர் இருக்கிறார், மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அவர் சாட்சி என்று சொல்லி, மாரியப்பனை மேடைக்கு அழைத்தார். யாரும் எழவில்லை. மறுபடி அழைத்தார். பின்வரிசையிலிருந்து சொக்கம்மாள் எழுந்து போனாள். கூட்டம் வழி விட்டது.

"நீங்கள் அவர் மனைவியா? அவர் ஏன் வரவில்லை?"

"அவரு மூலக்கொத்தளத்துல கீறாரு சார்."

செங்குட்டுவன் முகம் சுருங்கியது. மைக்கிலேயே கேட்டார். "எப்போது குடி போனார்? முகவரி மாறினால் பதினைந்து நாளுக்குள் திரையில் தொட்டுச் சொல்ல வேண்டுமே, சொன்னாரா?"

சொக்கம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"என் வெரலு உங்க மெஷினுக்கு ஆவல சார். அவரு வெரலுதான் அத்துக்கு ஒத்துக்கிச்சு. போயி தோண்டி இட்டாரட்டா?"

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, அதற்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று கேட்டார். அதுவும் மைக்கில் கேட்டது.

சால்வை போர்த்தினார்கள். பரிசாக ஒரு கையடக்கத் திரை கொடுத்தார்கள், மாரியப்பன் பெயரிலேயே பதிந்தது. சொக்கம்மாள் அதை விற்கவில்லை, உடைக்கவில்லை. வீட்டில் குழம்புக்கு இறால் உரிக்கும்போது அடியில் பலகையாகப் போட்டுக்கொள்கிறாள். வழுவழுப்பாக, கழுவ வசதியாக இருக்கிறதாம். ஈர இறால் பட்டதும் அது தானாக விழித்துக்கொள்ளும். ‘வணக்கம் மாரியப்பன், இன்று எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டு இரண்டு முகத்தையும் காட்டும். சொக்கம்மாள் குனிந்த தலை நிமிராமல் உரித்துக்கொண்டே இருப்பாள். அவள் விரல் பட்டாலும் அதற்குத் தெரியாது. உரித்த இறால் ஒவ்வொன்றும் நடுவில் விழும். ஒவ்வொன்றுக்கும் அது நன்றி சொல்லும்.